மெத்தைத் துணியில் தைத்த மூடி

சங்கத்து இளம் வயர்மேன்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். முட்டி தேய்ந்து, ஏணி ஏற முடியாமல் வீட்டோடு உட்கார்ந்துவிட்ட என்னையும் மரியாதைக்காக அதில் சேர்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் காலை வணக்கமும் ரோஜாப்பூவும்தான் வரும். போன மாதம் ஒருவர் ஒரு வீடியோ போட்டிருந்தார். செஞ்சியில் திண்டிவனம் சாலைப் பக்கம் புதிதாக எழும்பிய மாடி வீடு. கூரையில் வெள்ளையாகத் தட்டு மாதிரி ஒன்று, புகை வந்தால் கத்துகிற அலாரம். வீட்டில் புகை ஒரு பொட்டும் இல்லை, ஆனால் அது விட்டுவிட்டுக் 'கீச்' என்கிறது. வீட்டுக்காரருக்குத் தூக்கம் போய்விட்டதாம். கழற்றிப் போட்டுவிடலாமா, இல்லை ஒரு கவரைப் போட்டுக் கட்டிவிடலாமா என்று கேட்டிருந்தார்.

கீழே ஆளாளுக்கு யோசனை சொல்லியிருந்தார்கள். கவர் போடு என்பதுதான் நிறையப் பேரின் கட்சி. நான் 'கவர் போடாதே' என்று மட்டும் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் ஒருவர் போன் செய்து, என்னண்ணே இவ்வளவு கோபம் என்று கேட்டார். கோபமெல்லாம் இல்லை. அந்தச் சத்தத்தை நான் செஞ்சியில் முதன்முதலாகக் கேட்டது எண்பதுகளில். அதைப் பற்றி இதுவரை வாயைத் திறந்ததில்லை. சம்பந்தப்பட்டவர்களில் என்னைத் தவிர இன்று மிச்சம் இருப்பவர் ஒரே ஒருவர். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். லைனில் இணைத்த அலாரத்துக்குள்ளும் ஒரு சின்னச் சதுர பேட்டரி இருக்கும். கரண்ட் போனால் அதில்தான் அது உயிரோடு இருக்கும். பேட்டரி இளைத்தால் 'கீச்' என்று ஆள் கூப்பிடும். ஒன்றுக்கு மேல் இருந்தால் எது கத்துகிறது என்று கண்டுபிடிப்பதே பெரிய பாடு, ஏனென்றால் சத்தம் சின்னது, சட்டென்று நின்றுவிடும். ஒவ்வொன்றின் கீழும் போய் நின்று பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். கண்டுபிடித்ததும் ப்யூஸைப் பிடுங்கிவிட்டுக் கழற்று. பேட்டரியை மாற்று. உள்ளே தூசி, எறும்பு, சிலந்தி இருந்தால் ஊதி எடு. லைன் முனை தளர்ந்திருக்கிறதா என்று பார். திரும்ப மாட்டி, பட்டனை அழுத்திக் கத்தவிட்டுப் பார். அதன் பிறகும் கீச்சிட்டால் அதற்கு வயதாகிவிட்டது, புதிது வாங்கச் சொல். அவ்வளவுதான். இதில் மூடுவது என்ற வேலை எங்கேயும் கிடையாது.

எனக்குச் சொந்த ஊர் தொண்டூர், காலனி. எங்கள் வீட்டில் நிலமும் கிடையாது, கரண்டும் கிடையாது. கரண்டே இல்லாத வீட்டிலிருந்து உன் மகன் எலக்ட்ரீஷியன் படிப்புக்குப் போகிறானே என்று நைனாவை ஊரில் கிண்டல் செய்தார்கள். ஐ.டி.ஐ. முடித்து, கொஞ்ச நாள் சும்மா திரிந்து, செஞ்சி கடைத்தெருவில் ஏகாம்பரம் அண்ணனின் எலக்ட்ரிக் கடையில் வயர்மேனாகச் சேர்ந்தேன். கான்ட்ராக்டர் லைசென்ஸ் அவர் பெயரில். சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் அவர்தான் வயரிங்.

அண்ணன் ஒல்லி, வெள்ளைச் சட்டை, அதில் ஒரு பாக்கெட் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். காரணம் ப்யூஸ் கேரியர். எந்த வீட்டுக்குப் போனாலும் ப்யூஸைப் பிடுங்கி, அந்தப் பீங்கான் கட்டையைத் தன் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் வேலையில் கை வைப்பார். மெயின் ஸ்விட்சை அணைத்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "ஸ்விட்ச எவன் வேணா போட்ருவான். இது என் பாக்கெட்ல இருந்தா எவனும் திரும்பப் போட முடியாது" என்றார். பல வீடுகளில் வேலை முடித்து மறந்துபோய் கேரியரோடு கடைக்கு வந்துவிடுவார். அந்த வீட்டுக்காரர் இருட்டில் உட்கார்ந்து திட்டிவிட்டு ஆள் அனுப்புவார்.

பழுது பார்க்கப் போனால் நேராக ஏணியில் ஏற மாட்டார். ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொள்வார். வீட்டு ஆண்பிள்ளை சொல்வதைக் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டு, பெண்களைக் கூப்பிட்டு விசாரிப்பார். எப்போது ஆரம்பித்தது, அப்போது வீட்டில் என்ன வேலை நடந்தது, கரண்ட் போய் வந்ததா. நாள் முழுக்க வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் வீட்டின் நோய் தெரியும் என்பது அவர் கணக்கு. வேலை முடியும்வரை காபி, தண்ணீர் எதுவும் தொட மாட்டார். அதிகம் பேசவும் மாட்டார். சில வீடுகளில் என்னைப் பின்பக்கமாக வரச் சொல்வார்கள். அண்ணன் சண்டையெல்லாம் போட மாட்டார். மீட்டர் முன்பக்கம்தானே இருக்குது என்று சொல்லிவிட்டு என்னை முன்னால் விட்டு, பின்னால் வருவார். நான் அவரைப் பெரிய மனுஷன் என்று நினைத்தது அதற்காக இல்லை. அது பின்னால் வருகிறது.

காதர் பாய் மெத்தைக்காரர். பரம்பரையாக அதே தொழில். இலவம் பஞ்சைப் பிரித்து, வில்லால் அடித்து, மெத்தை தலையணை தைத்துக் கொடுப்பார். வீடும் தொழிற்கூடமும் ஒன்றுதான். நடுவில் கூடம், கூடத்தை ஒட்டிப் பஞ்சு அறை. கூரை வரைக்கும் பஞ்சு. அந்த வீட்டில் அவரும் அவர் மனைவி மரியம்பீ அம்மாவும் மட்டும். ஒரே மகன் ஜாபர் வளைகுடாவில் இருந்தார். பெரிய கட்டடங்களில் இந்த மாதிரி அலாரம் பொருத்துகிற கம்பெனியில் வேலை.

ஜாபர் லீவில் வந்தபோது மற்றவர்கள் டேப்ரிக்கார்டர் கொண்டுவந்த மாதிரி அவர் இரண்டு அலாரம் கொண்டுவந்தார். தெருவே வந்து பார்த்துவிட்டு, பாட்டு பாடாதா என்று கேட்டுவிட்டுப் போனது. ஜாபர் தங்கியிருந்த தொழிலாளர் குடியிருப்பில் ஒருமுறை மெத்தைகள் பற்றிக்கொண்டு, பக்கத்து அறைக்காரர் தூக்கத்திலேயே புகையில் போய்ச் சேர்ந்திருக்கிறார். அதிலிருந்து அவருக்குச் சொந்த வீட்டுப் பஞ்சைப் பற்றிய பயம் பிடித்துக்கொண்டது. நெருப்பைவிடப் புகைதான் ஆளைத் தூக்கும் என்று எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் அண்ணனும் கூடத்தில் ஒன்று, பஞ்சு அறையில் ஒன்று பொருத்தி லைன் கொடுத்தோம். இரண்டையும் சேர்க்க ஒரு தனிக் கம்பி, ஒன்று கத்தினால் மற்றதும் கத்தும். வருஷத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்றுவது எங்கள் கடைப் பொறுப்பு என்று பேசிக்கொண்டோம். மரியம்பீ அம்மா எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் டீ கொடுத்தார். பட்டனை அழுத்திக் காட்டியபோது காதர் பாய் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார். அன்றைக்கு அந்த வீடு சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஜாபர் திரும்பிப் போய்ச் சில மாதங்கள் கழித்து மரியம்பீ அம்மா கடைக்கு வந்தார். வீட்டுக்குள் எங்கேயோ குருவி குஞ்சு பொரித்திருக்கிறது, பஞ்சையெல்லாம் புரட்டிப் பார்த்தும் கிடைக்கவில்லை, தாய் இல்லாமல் கத்துகிறது போல, பாவமாக இருக்கிறது, ஏணி இருந்தால் எடுத்துக்கொண்டு வா என்றார். போனோம். அண்ணன் வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்தார். கரண்ட் போகும்போது குருவி அதிகமாகக் கத்துகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றார் அம்மா. அண்ணன் என்னைப் பஞ்சு அறை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு அவர் கூடத்தில் நின்றார். வெகு நேரம் சத்தமே இல்லை. பிறகு அவர் தலைக்கு மேலேயே குருவி கூப்பிட்டது.

ப்யூஸ் கேரியர் பாக்கெட்டுக்குப் போனது. கழற்றிப் பார்த்தால், அலாரத்துக்குள் பஞ்சு. இலவம் பஞ்சின் தூசு கண்ணுக்குத் தெரியாமல் பறந்துபோய் உள்ளே மெல்லிசாகப் படிந்திருந்தது. அண்ணன் என் சைக்கிள் பம்பை வாங்கி, அதன் காற்றால் பதமாக ஊதி எடுத்தார். பேட்டரியை வெளியே எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். உயிர் இருந்தால் சுருக்கென்று இருக்கும். இல்லை என்று தலையாட்டினார். அந்தப் பேட்டரி அப்போது செஞ்சியில் கிடைக்காது. நான் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிப் போய் வாங்கி வந்து இரண்டுக்கும் போட்டேன்.

கீச்சு நின்றது. ஆனால் வேறு தொல்லை ஆரம்பித்தது. காதர் பாய் வில்லை எடுத்துப் பஞ்சு அடித்தால் போதும், பறக்கிற தூசைப் புகை என்று நினைத்து இரண்டும் சேர்ந்து அலறும். தெருவே ஓடி வரும். இரண்டு மூன்று தடவை ஆனதும் அண்ணன் யோசித்து ஒரு வழி சொன்னார். பஞ்சு அடிக்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு துணியால் மூடுங்கள், அடித்து முடித்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். மரியம்பீ அம்மா அன்றைக்கே மெத்தைத் துணியில், அந்த நீலக் கோடு போட்ட துணியில், இரண்டு மூடி தைத்துவிட்டார். நாடா கோத்து, சுருக்கிக் கட்டுகிற மாதிரி, ஓரத்தில் அழகாகத் தையல் வேறு. மகன் வாங்கிவந்த சாமானுக்கு சட்டை போட்ட மாதிரி இருந்தது.

காதர் பாய்க்கு ஒரு பலவீனம் உண்டு. ஸ்டூலில் ஏறினால் தலை சுற்றும். அதனால் அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார், குட்டையான மரியம்பீ அம்மா மேலே ஏறி எம்பி எம்பி மூடியைக் கட்டுவார், பிறகு அவிழ்ப்பார். கட்டுவதும் அவிழ்ப்பதும் அம்மாவின் வேலையாகவே ஆகிவிட்டது. இது எனக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும், பாயை இதை வைத்துக் கேலி செய்யாதவர்கள் இல்லை.

அந்த நாளில் காலையில் மூடியைக் கட்டிவிட்டுப் பஞ்சு அடித்திருக்கிறார்கள். மதியம் சாப்பிட்டு எழுந்த நேரத்தில் அடுத்த தெருவில் சொந்தக்காரப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்த சேதி வந்தது. சாயந்தரமும் பஞ்சு அடிக்க வேண்டியிருந்ததால் மூடியை அப்புறம் அவிழ்த்துக்கொள்ளலாம் என்று அம்மா குழந்தையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். பாய் கூடத்தில் கோரைப்பாயை விரித்துப் படுத்தார். வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் யாரோ குப்பையைக் கொளுத்தியிருக்கிறார்கள். பொறி ஒன்று பஞ்சு அறையின் வென்டிலேட்டர் வழியாக உள்ளே விழுந்திருக்கிறது என்று தீயணைப்புக்காரர்கள் பிறகு சொன்னார்கள். அமுக்கி வைத்த பஞ்சு கொழுந்துவிட்டு எரியாது. உள்ளுக்குள்ளேயே கனிந்து, கனிந்து, புகையும். தெருவுக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. பாய் உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை. விரித்த கோரைப்பாயும் கலையவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு, வீட்டு லைனைச் சரிபார்த்துக் கரண்ட் கொடுக்கும்படி காதர் பாயின் தம்பி எங்களைக் கூப்பிட்டார். மரியம்பீ அம்மா அவர் வீட்டில் இருந்தார். நானும் அண்ணனும் மட்டும் அந்தக் கூடத்துக்குள் போனோம். கூரை, சுவர், மாடத்தில் இருந்த கடிகாரம், எல்லாம் கறுப்பு. தலைக்கு மேல் அலாரம் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு மூட்டை தொங்கியது. மூடி. நாடா கட்டியபடியே இருந்தது. பஞ்சு அறையிலும் அப்படியே.

அண்ணன் இந்த முறை ஸ்டூலில் உட்காரவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏறினார். தண்ணீர் பட்டு முடிச்சு இறுகியிருந்தது. அறுக்காமல் நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தார். மூடி கையோடு வந்ததும் உள்ளே அலாரம் புதுசு மாதிரி வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மெத்தைத் துணி தடுத்துவிட்டதே என்றுதான் நினைத்தேன். அண்ணன் அழவில்லை. மூடியை மடித்து, ப்யூஸ் கேரியர் போடுகிற அதே பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். கூரைக் கரியை விரலால் வழித்து அலாரத்தின் மேல் சுற்றிலும் பூசினார். உள்ளே இருந்த நல்ல பேட்டரியை எடுத்துவிட்டு, பையில் கிடந்த பழைய செத்த பேட்டரியை மாட்டினார். பஞ்சு அறையிலும் அதையே செய்தார். எனக்குப் புரிந்தும் புரியாமலும் இருந்தது. "அந்தம்மா இன்னும் எத்தினி வருஷம் இருக்கணுமோ" என்று மட்டும் சொன்னார்.

ஜாபர் வந்து சேர ஒரு வாரம் போல ஆனது. தகப்பன் முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை. மரியம்பீ அம்மா அதற்குள் வீட்டுக்கே திரும்பி இத்தாவில் இருந்தார். கணவர் இறந்தால் சில மாதங்கள் வெளி ஆண்கள் முன்னால் வராமல் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள், அதுதான் இத்தா. அறை வாசலில் திரை தொங்கியது. ஜாபர் எங்களைக் கூப்பிட்டனுப்பி, கூடத்தில் நின்றபடி அண்ணனைக் கேட்டார்.

"அடிச்சுதா, இல்லியாண்ணே?"

"அடிக்கல தம்பி. பேட்டரி செத்துப் போயிருந்துது. அந்த நேரத்துக்குக் கரண்ட்டும் இல்ல. பேட்டரி மாத்துற வேல என்னுது. நான் மாத்தல."

அன்று மதியம் கரண்ட் இல்லாதது நிஜம். மற்றது பொய். நான் வாயைத் திறப்பதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அவ்வளவு நாளும் அவர் யாரிடமும் எதுவும் பேசவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

"ஏகாம்பரம். மூடி கட்டியிருந்துதா?"

அண்ணன் திரையைப் பார்க்காமல் ஜாபரைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"இல்லீங்கம்மா. ரெண்டு மூடியும் அவுந்து கீழ இருந்துது. எரிஞ்ச பஞ்சோட வாரிப் போட்டாங்க. பாய்தான் அவுத்து வெச்சிட்டுப் படுத்திருக்காரு."

"அவரா? அவரு ஸ்டூல் ஏற மாட்டாரே."

"ஏறியிருக்காரும்மா. ஸ்டூலு நேர் கீழதான் கெடந்துது."

திரைக்குப் பின்னால் அழுகை கேட்டது. பெரிய அழுகை. வெகு நாள் அடைத்திருந்தது உடைந்த மாதிரி. ஜாபர் ஸ்டூலில் ஏறி அலாரத்தைக் கழற்றினார். பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்தார். அலாரத்தின் மேல்தட்டைத் திருகி உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இறங்கி வந்து அண்ணன் முகத்துக்கு நேராகக் கத்த ஆரம்பித்தார். ஒரு பேட்டரி மாற்ற வக்கில்லாதவனுக்குக் கடை எதற்கு, லைசென்ஸ் எதற்கு, என் அத்தாவைக் கொன்றுவிட்டாயே என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். அண்ணன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். எனக்கு ஜாபரை அடிக்கலாம் போல ஆத்திரம்.

ஜாபர் திரும்பிப் போகும் நாளில் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துக் கிட்டே வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள சுத்தமா இருந்துது கோயிந்து. புகையே போவல. வெளிய இருந்த கரி விரல் தடமா இருந்துது." பஸ் கிளம்புகிற சத்தத்தில் குரலை உயர்த்திச் சொன்னார். "நான் கத்தலன்னா அம்மா நம்பியிருக்க மாட்டாங்க. அண்ணங்கிட்ட சொல்லு. யாருகிட்டயும் சொல்லாதீங்க."

கடைக்கு ஓடிப் போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒரு சீலிங் ஃபேனைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "விரல் தடமா?" என்றார். "துணியால தடவியிருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஃபேனைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. ஜாபர் கத்தியது தெருவுக்கு மட்டும் கேட்கவில்லை, செஞ்சிக்கே கேட்டது. கடைத்தெருவில் அவருக்கு 'பேட்டரி' என்று பெயர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், அப்புறம் முகத்துக்கு நேராக. புது வீட்டு வயரிங் எதற்கும் கூப்பிடுவது நின்றது. பேட்டரி ஏகாம்பரமா, ஆளைச் சாவடித்தவனாயிற்றே என்பார்கள். வேலை என்னைத் தேடி வர ஆரம்பித்தது. நான் தனியாகக் கடை வைத்தேன். அண்ணன் மோட்டார் காயில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கெஞ்சியிருக்கிறேன். இந்த ஊரில் நீ யாரிடம் சொன்னாலும் சாயந்தரத்துக்குள் அது அந்தத் திரைக்குப் பின்னால் போய்விடும் என்றார்.

ஜாபர் புது அலாரம் அனுப்பினார். நான்தான் பொருத்தினேன், நான்தான் வருஷா வருஷம் பேட்டரி மாற்றினேன். ஒவ்வொரு முறையும் மரியம்பீ அம்மா அண்ணனைத் திட்டுவார். திட்டி முடித்ததும், ஸ்டூல் ஏறப் பயந்த மனுஷன் எனக்குக் கஷ்டம் வைக்கக் கூடாது என்று தானே ஏறி அவிழ்த்து வைத்தாரே என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ போட எழுந்துபோவார். அண்ணன் ஒவ்வொரு முறையும் என்ன சொன்னார்கள் என்று கேட்பார். திட்டினார்கள் என்பேன். "நல்லா சாப்புடுறாங்களா?" என்பார். நல்லா இருக்கிறார்கள் என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அண்ணன் இறந்தபோது சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டினார்கள். வெறும் ஏகாம்பரம் என்றால் ஊருக்கு யார் என்று தெரியாது என்று அச்சில் 'பேட்டரி ஏகாம்பரம்' என்றே போட்டிருந்தார்கள். போட்டவர்களுக்கு அதில் கெட்ட எண்ணம் இல்லை. நான் அந்த நோட்டீஸுக்கு முன்னால் நின்று வாய்விட்டு அழுதேன்.

காரியம் முடிந்த பிறகு மரியம்பீ அம்மா ஆள் அனுப்பினார். போனேன். வயதாகிக் கட்டிலோடு இருந்தார். ஏகாம்பரம் போய்விட்டானாமே என்றார். ஆமாம் என்றேன். இந்த முறை திட்டவில்லை.

"அவன் பேட்டரி மாத்தாதது தப்புதான். நான் சபிச்சிருக்கேன். ஆனா ஒண்ணுப்பா, அன்னிக்கு அவன் வந்து சொல்லலன்னா, பாய் எனக்காக ஸ்டூல் ஏறுனது எனக்குத் தெரியாமலே பூட்டிருக்கும். மூடிய நான்தான் கட்டி உட்டுட்டுப் போனேன்னு நெனச்சிக்கினே செத்திருப்பேன். அந்த ஒரு வார்த்தைக்காக அவன மன்னிச்சிட்டேன். அவன் சம்சாரத்துகிட்ட போய்ச் சொல்லு."

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி வாசலில் உட்கார்ந்திருந்தார். மரியம்பீ அம்மா மன்னித்துவிட்டதாகச் சொன்னேன். அண்ணி என்னையே பார்த்தார். அவருக்கும் எதுவும் தெரியாது. அண்ணன் சொல்லவில்லை.

"நீ அவருகூட வேல பாத்தவன். சொல்லு கோயிந்து, பேட்டரி மாத்தாம உடற ஆளா அவரு?"

"இல்ல அண்ணி" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மரியம்பீ அம்மா அப்போது உயிரோடு இருந்தார். அவர் காலமானது போன வருஷம். அண்ணி அதற்கு முன்பே போய்விட்டார்.